முப்பது அடி குதித்த ஆசாமி!

1911. சிகாகோ. எட்கர் ரைஸ் பரோஸுக்கு வயது 35. குதிரைப் படையில் இருந்து பார்த்தார். மாடு மேய்த்துப் பார்த்தார். தங்கம் தோண்டிப் பார்த்தார். ரயில்வே போலீஸாகவும் இருந்து பார்த்தார். ஊஹூம், எதுவும் ஒட்டவில்லை. வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள். மனைவி நகையெல்லாம் அடகுக் கடையில்.

கடைசியாகப் பிடித்தது பென்சில் சீவும் கருவிக்கு ஏஜென்சி. ஏஜெண்டுகள் தெருத் தெருவாக அலைய, இவர் ஆபீஸில் உட்கார்ந்து ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டும். ஆர்டர் வந்தால்தானே!

சும்மா இருந்த நேரத்தில், படுத்துப் போன பழைய கம்பெனிகளின் லெட்டர்ஹெட்டைத் திருப்பிப் போட்டு ஒரு கதை எழுதினார். 'ஆல்-ஸ்டோரி' பத்திரிகை 400 டாலர் கொடுத்து, 1912 பிப்ரவரியிலிருந்து தொடராகப் போட்டது. ஊர் சிரிக்குமே என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்: 'நார்மல் பீன்'. மூளை சரியாக உள்ள ஆள் என்று பொருள்! அச்சுக்குப் போனபோது அது 'நார்மன் பீன்' ஆகி, ஜோக்கும் போச்சு.

கதை? ஜான் கார்ட்டர் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், அரிசோனா குகை ஒன்றில் மயங்கி விழுந்து செவ்வாய் கிரகத்தில் கண் விழிக்கிறான். ராக்கெட்டும் கிடையாது, விளக்கமும் கிடையாது. அங்கே நாலு கை பச்சை மனிதர்கள் ஈட்டியோடு பாய்கிறார்கள். பயந்து ஒரு எம்பு எம்பினால்... முப்பது அடி உயரம்! அப்புறம் வாள் சண்டை, பேரழகி டெஜா தோரிஸ், காதல், கல்யாணம். அவள் முட்டையிடுகிற ஜாதி என்பதைக் காதல் கண்டுகொள்ளவில்லை.

'தொடரும்' போடுவதில் மனிதர் கில்லாடி. 1913 மே மாதம் இரண்டாம் தொடரை முடித்தபோது, டெஜா தோரிஸைச் சுழலும் சிறையில் அடைத்து, பக்கத்தில் ஓங்கிய கத்தியோடு ஒருத்தியையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். என்ன ஆச்சு என்று தெரிய வாசகர்கள் டிசம்பர் வரை காத்திருந்தார்கள்.

கணக்குப் பார்த்தால் கதை தேறாது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவிகிதம்தான். இங்கே 60 கிலோ இருப்பவர் அங்கே 23 கிலோவாகத் தெரிவார். ஒன்றரை அடி எம்புகிறவர் நாலடி எம்பலாம். முப்பதெல்லாம் ரொம்ப ஓவர்! செவ்வாயின் கால்வாய்களும் 1965-ல் காலி. மாரினர்-4 அனுப்பிய படங்களில் வெறும் பள்ளங்கள்தான். புத்தகம் அன்றே பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சிறுவயதில் அதில் மயங்கிய கார்ல் சேகன், வளர்ந்து செவ்வாயில் வைகிங் கலங்களை இறக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரானார்.

ஏன் இந்த மயக்கம்? ஜான் கார்ட்டர் மந்திரம் கற்கவில்லை, வரம் வாங்கவில்லை. பூமியில் இருந்த அதே உடம்பு, அதே கை கால். இழுத்துப் பிடிக்கிற பாரம்தான் குறைந்தது. நகை அடகில் இருக்க, வராத ஆர்டருக்குக் காத்திருந்தவர் கண்ட கனவு இது. 'நான் மோசமில்லை சார், இடம்தான் சரியில்லை' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத குமாஸ்தா எந்த ஊரில் இருக்கிறான்?

அதே 1912 அக்டோபரில் பரோஸ் டார்ஜானையும் இறக்கிவிட்டார். பிறகு ஏது கஷ்டம்? இன்று செவ்வாயிலேயே ஒரு பெரிய பள்ளத்துக்கு அவர் பெயர்.

பென்சில் சீவி மட்டும் கடைசி வரை விற்கவில்லை.