பாடசாலைத் தோட்டத்தில் பிள்ளைகள் கற்பது என்ன?

"மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம்?" பாடசாலையில் தோட்டக் கழகம் தொடங்கலாம் என்றதும் மலையகப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் சுமந்தவர்கள், பிள்ளையின் கையிலாவது பேனா இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் கழகத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

நம்மிடையே தோட்டம் என்றால் தேயிலைதான். நாம் இங்கே சொல்வது பாடசாலை வளவில் பிள்ளைகள் பராமரிக்கும் நான்கைந்து மரக்கறிப் பாத்திகளை. இது நாட்டுக்குப் புதியதல்ல. 1900களின் தொடக்கத்திலேயே அரச பாடசாலைகளில் தோட்டங்கள் இருந்தன. தோட்டப் பாடசாலைகளோ 1977க்குப் பின்னர்தான் அரசின் கைக்கு வந்தன. பலவற்றுக்கு ஒரு மண்டபத்துக்கு மேல் நிலமே இருக்கவில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனியான அக்கறை உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினர். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மழையிலும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்தது. சரிவில் வாழும் பிள்ளைக்கு மழையையும் மண்ணையும் கணக்கிடத் தெரிய வேண்டும். அதைக் கற்க வகுப்பறையைவிடத் தோட்டம் நல்ல இடம்.

முதலில் மழைமானி. பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, புனல் போலத் தலைகீழாக உள்ளே வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அங்கிருந்து அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடு போட்டால் மழைமானி தயார். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் விலகி வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு பிள்ளை பார்த்துக் கொப்பியில் எழுதி, தண்ணீரை மறுபடி கோட்டுக்குக் கொண்டுவரட்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, உடனே வெளியேற வேண்டும். இந்த எண்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல மனதில் வைத்திருப்பது நல்லது. போத்தலை மட்டும் நம்பி அதிகாரிகளின் அறிவித்தலுக்குக் காது கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது.

அடுத்தது மட்டச் சட்டம். ஒரே நீளமான இரண்டு கம்புகளின் நுனியைச் சேர்த்துக் கட்டி, காலை விரித்து, நடுவே குறுக்குக் கம்பு கட்டுங்கள். நுனியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பில் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் நூல் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். இப்படிச் சரிவுக்குக் குறுக்கே அடி அடியாக நகர்ந்து முளை அடித்தால் பாத்திக்குச் சமமட்டக் கோடு கிடைக்கும். கேத்திர கணிதத்தை இதைவிட இலகுவாகக் கற்பிக்க நமக்குத் தெரியாது! அந்தக் கோட்டில் கிளிரிசிடியாக் கம்பு நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும், வெட்டிய தழை பசளையாகும்.

ஒரு எச்சரிக்கை. சரிவில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கசியும் கலங்கல் ஊற்று ஆகியவை தெரிந்தால் அங்கே பாத்தியும் வேண்டாம், தண்ணீரைத் தேக்கும் குழியும் வேண்டாம். தண்ணீர் தடையின்றி வடிந்து போகக் கானைத் துப்புரவாக வைப்பதே முக்கியம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தவர் தோட்டத்தில் கான் வெட்டிய தாத்தா. அவரைப் பாடசாலைக்கு அழைத்துப் பேசவையுங்கள்.

பயிருக்குப் போஞ்சி போதும். கிட்டத்தட்ட ஒரு கிழமையில் முளைத்துவிடும்; சிறு பிள்ளைகளின் பொறுமைக்கு ஏற்றது. எத்தனை விதை நட்டோம், எத்தனை முளைத்தன என்பது கணக்கு. பார்த்ததை எழுதுவது தமிழ். ஆரம்பப் பிரிவின் சுற்றாடல்சார் செயற்பாடுகளுக்கும் இது பொருந்தும். பூச்சிமருந்துப் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். மண்வெட்டியோடு கொப்பியும் போனால் அது படிப்பு. கொப்பி இல்லாமல் மண்வெட்டி மட்டும் போனால் அது வேலை. அதை நீங்கள் தட்டிக் கேட்கலாம். கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். தண்டனையாகத் தோட்டத்துக்கு அனுப்புவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். விளைச்சல் பிள்ளைகளின் மதிய உணவுக்கோ வீட்டுக்கோ போக வேண்டும். அது ஆசிரியர் வீட்டுக்குப் போனால் கழகம் அன்றோடு முடிந்தது.

7 பேர்ச்சஸ் காணி கிடைத்த குடும்பங்களும் இருக்கிறீர்கள். அது ஏறக்குறைய 1900 சதுர அடி. 550 சதுர அடியில் வீடு போக, பாதைக்கும் மலசலகூடத்துக்கும் விட்டாலும் சில பாத்திகளுக்கு இடம் மிஞ்சும். எங்கே பாத்தி போடலாம், தண்ணீரை எந்தப் பக்கம் விடலாம் என்று உங்கள் பிள்ளையிடமே மட்டச் சட்டத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊவாவில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கும். போத்தலைச் செப்டெம்பரிலேயே வைத்துவிடுங்கள்.