பட்டாளம் இருந்த பங்களா

குரங்கணி மலையடியில் இருக்கும் போடிக்கு 1928இல் வந்த ரயில் பாதையின் தண்டவாளங்களே இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டன. அப்படியிருக்க, ஒரு பழைய வீட்டைக் காட்டி ‘பட்டாளம் இருந்த பங்களா’ என்று ஊரார் சொன்னால் அதைத் தள்ளிவிடக் கூடாது. அதையே சான்றாக எழுதிவிடவும் கூடாது. உரிமையாளர் வாடகைக்கு விட்டாரா, அரசு எடுத்துக்கொண்டதா என்பதுதான் கேள்வி. இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75-ஏ விதி, கட்டடங்களைக் கையகப்படுத்த அதிகாரம் தந்தது. அப்படிக் கையகப்படுத்திய உத்தரவே தொலைந்திருந்தால் என்ன செய்வது? இழப்பீட்டுப் பணத்தைப் பின்தொடருங்கள். 1939ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, தொகையில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அந்த வழக்குப் பதிவுகளில் தடயம் இருக்கலாம். வழக்காடாமலே ஒத்துக்கொண்ட உரிமையாளர் என்றால், சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசாணைகளைப் பொறுமையாகப் புரட்ட வேண்டியதுதான்.