மாலை போடாத படம்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கு அருகே நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்த அமெரிக்கப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன், பிற்பகலில் வெளியே நடந்து போனார். திரும்பவில்லை. போலீசாரும் இராணுவத்தினரும் பூர்வகுடி மக்களும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் பலன் இல்லை. கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்களில் பலர் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள்.

அந்த மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் உருவானது. அங்கே தேயிலை நட்டுப் பறித்தவர்கள் தமிழ்ப் பாட்டாளிகள். தோட்டத் தமிழர்களுக்கு இப்படிப்பட்ட இழப்பு புதிதல்ல. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 43-ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தன. போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை.

லயத்தில் காத்திருந்த மனைவி என்ன செய்வாள்? தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? பதினாறாம் நாள் காரியத்தை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது?

அமெரிக்கக் குடும்பநல சிகிச்சையாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தார். இத்தகைய துயரத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். இதில் துக்கம் ஆறாமல் கிடப்பதற்கு மனிதரின் பலவீனம் காரணமல்ல. சூழ்நிலையே காரணம் என்பது அவர் கருத்து. 'நடந்ததை மறந்துவிடு' என்று புத்தி சொல்ல நம்மிடம் ஆள் பஞ்சமா என்ன? அந்தப் புத்திமதி இங்கே எடுபடாது.

வீட்டில் ஒருவர் 'வருவார்' என்பார். மற்றவர் 'போய்விட்டார்' என்பார். சண்டை வரும், சண்டைக்குப் பயந்து பேச்சே நின்றுவிடும். 'அப்பா பேச்சை எடுக்காதே' என்பதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்வார்கள். பேரப் பிள்ளைகளுக்கும் அந்த மௌனம்தான் சொத்தாகப் போய்ச் சேரும்.

குடும்ப சிகிச்சை கை வைப்பது அந்த மௌனத்தில்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் பாஸ் குழுவினர், காணாமற்போன கட்டடப் பராமரிப்புத் தொழிலாளர்களின் குடும்பங்களை மருத்துவமனைக்கு அழைக்கவில்லை. தொழிற்சங்க மண்டபத்திலேயே, பிள்ளைகளோடு, சாப்பாட்டோடு ஒன்றுகூட்டினார்கள். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் பொறுத்துக்கொண்டு பேசப் பழக்கினார்கள்.

2014 மார்ச் 8-இல் 239 பேருடன் எம்எச்370 விமானம் மறைந்தபோது, இதே கேள்விகள் மலேசிய வீடுகளுக்குத் திரும்பி வந்தன.

சிகிச்சையாளர் முதலில் கேட்பது சின்னக் கேள்விகள்தான். அவர் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறதா? தீபாவளிப் படையலில் அவருக்கும் இலை போடுகிறீர்களா? மகன் படத்துக்கு மாலை போட வேண்டும் என்பார். தாய் படத்தைத் தொடவே விடமாட்டார். படம் சுவரில் இருக்கட்டும், விளக்கு மட்டும் ஏற்றுவோம், மாலையைப் பிறகு பார்க்கலாம் என்று இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டால், அன்றைக்கு அந்த அளவு போதும்.