சாவி யாரிடம்? – 9: கடிகாரம் இல்லாத காசு

போன வாரம் ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குக் காசு கடத்தும் ரோனின் பாலத்தில் நின்றோம். 9 சாவிகளில் 5 திருடர் கைக்குப் போக, 1,73,600 ஈதர் பறிபோனது. ஆறு நாள் கழித்து ஒருவர் பணம் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் உரியவர்களுக்கே தெரிந்தது. மற்றது பழைய இதழில்.

இந்த வாரம் டிபிடிசி என்று சொல்லியிருந்தேன். பிட்காயினை எதீரியத்தில் புழங்க விடும் ஏற்பாடு அது. அதற்கு முன்னால் ஒரே பத்தியில், நடுவர் இல்லாமல் இரண்டு காசுகளைக் கைமாற்றும் அட்டாமிக் ஸ்வாப்பைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நகர முடியவில்லை.

2013 மே மாதம் டியர் நோலன் என்ற பெயரில் ஒருவர் எழுதி வைத்த யோசனை அது. கமலாவிடம் பிட்காயின் இருக்கிறது, ரஹீமிடம் லைட்காயின். முன்பின் பழக்கமில்லை, நடுவில் எக்ஸ்சேஞ்சும் கிடையாது. கமலா ஒரு பெரிய ரகசிய எண்ணைத் தேர்ந்து, அதன் ஹேஷை, அதாவது எண்ணைக் காட்டிக்கொடுக்காத கைரேகையை, மட்டும் வெளியே சொல்கிறாள். ‘இந்த ஹேஷுக்குரிய எண்ணைக் காட்டினால் ரஹீம் எடுத்துக்கொள்ளலாம். 48 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் எனக்கே திரும்ப வேண்டும்’ என்று தன் பிட்காயினைப் பூட்டுகிறாள். ரஹீமும் அதே ஹேஷை வைத்து லைட்காயினைப் பூட்டுகிறான். அவன் வைக்கும் கெடு 24 மணி நேரம். கமலா லைட்காயினை எடுக்க வேண்டுமானால் ரகசிய எண்ணை லைட்காயின் செயினில் எழுதியே ஆக வேண்டும். எழுதினால் உலகமே பார்க்கும். ரஹீமும் பார்ப்பான், அதை வைத்துப் பிட்காயினை எடுத்துக்கொள்வான்.

ஹவாலாவில் பத்து ரூபாய் நோட்டின் எண்ணைக் காட்டிப் பணம் வாங்குவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அங்கே இரண்டு முனையிலும் நம்பகமான ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே ஆள் இல்லை. பிட்காயினுக்கு லைட்காயின் என்று ஒன்று இருப்பதே தெரியாது. லைட்காயினுக்கும் அப்படித்தான்.

கெடு ஏன் 48, 24? இரண்டும் ஒன்றாக இருந்தால், கமலா கடைசி நிமிடத்தில் லைட்காயினை எடுத்துக்கொண்டு, மறு நிமிடம் பிட்காயினையும் திரும்ப வாங்கிவிடலாம். ரஹீமுக்கு மூச்சுவிட ஒரு நாள் வேண்டும்.

கெடுவைக் காசிலேயே எழுதிவைக்கும் வசதி பிட்காயினுக்கு 2015 டிசம்பரில்தான் வந்தது. லைட்காயினை உருவாக்கிய சார்லி லீ, 2017 செப்டம்பரில் இந்த வழியில் 1.337 லைட்காயினைக் கொடுத்து 2.4066 டெக்ரெட் காசு வாங்கியதாக அறிவித்தார். 1337 என்பது கணினிக் கிறுக்கர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ளும் பழைய எண். சரித்திரம் படைக்கும்போதும் குறும்பு போகவில்லை.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. ரகசியம் கமலாவிடம் இருப்பதால் ஒரு நாள் முழுக்க அவள் விலையை வேடிக்கை பார்க்கலாம். பிட்காயின் விலை ஏறினால் சத்தமில்லாமல் விலகிவிடலாம். ரஹீமின் காசு சும்மா முடங்கிக் கிடக்கும். நடுவரை நீக்கினார்கள், பேரம் பேசும் பலத்தைச் சமமாக்கவில்லை. பாராட்டி எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

இனி என்னைப் பிடித்துவைத்த விஷயம். ரஹீமிடம் லைட்காயினுக்குப் பதில் மொனேரோ இருந்தால்? அதில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் மறைவு. ‘இந்த எண்ணைக் காட்டினால் கொடு, இத்தனை மணிக்குப் பிறகு திருப்பு’ என்று எழுத அதில் இடமே கிடையாது. கடிகாரமே இல்லாத காசு. 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் அதைத் தன் சந்தையிலிருந்து நீக்கிய பிறகு, நடுவர் இல்லாத வழி வெறும் ஆராய்ச்சி விளையாட்டாக இல்லை.

2020இல் ஜோயெல் குகர் எழுதிக்காட்டிய வழி இது. மொனேரோவின் சாவியையே இரண்டாக்கி, ஒரு பாதி கமலாவிடம், மறு பாதி ரஹீமிடம். இரண்டையும் கூட்டினால்தான் முழுச் சாவி. கமலா முதலில் பிட்காயினைப் பூட்டுகிறாள். பிறகு ரஹீம் மொனேரோவை அந்தக் கூட்டுச் சாவியின் முகவரிக்கு அனுப்புகிறான். அதன் பின் கமலா அவனுக்கு ஒரு அரைகுறைக் கையெழுத்தைக் கொடுக்கிறாள். ரஹீம் தன் பாதிச் சாவியால் அதை முழுமையாக்கினால்தான் அவனுக்குப் பிட்காயின். முழுக் கையெழுத்து செயினில் ஏறியதும், கமலா தன்னிடமுள்ள அரைகுறையோடு ஒப்பிட்டுச் சின்னக் கணக்குப் போட்டால் ரஹீமின் பாதி வெளியே விழும். மொனேரோ அவளுடையது. பேரம் முறிந்து அவள் பிட்காயினைத் திரும்ப எடுத்தால், அவள் பாதி ரஹீமிடம் விழும். இரண்டும் செய்யாமல் அவள் காணாமல் போனால், இன்னொரு கெடுவுக்குப் பிறகு பிட்காயின் ரஹீமுக்கு. கெடு எல்லாம் பிட்காயின் பக்கம். மொனேரோ பக்கம் ஒன்றுமே இல்லை.

இன்னொரு சிக்கல். இரண்டு காசுகளின் சாவிகளும் வெவ்வேறு எலிப்டிக் கர்வில், அதாவது வெவ்வேறு கணித வளைவில், ஓடுகின்றன. ரஹீம் இரண்டு பக்கமும் வைத்த பாதிச் சாவி ஒரே ரகசிய எண்தான் என்று கமலா எப்படி நம்புவாள்? எண்ணைக் காட்டவும் கூடாது. ஆண்ட்ரூ போல்ஸ்ட்ரா சொன்ன வழியை மொனேரோ ஆய்வாளர் சாரங் நோதர் 2018இல் எழுதி வைத்தார்: எண்ணைப் பிட் பிட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1, இரண்டு பக்கமும் அதே பிட் என்று நிரூபிப்பது. எது 0, எது 1 என்று சொல்லாமல்! இதைப் படித்த இரவு டிபிடிசி குறிப்புகளை மூடி வைத்துவிட்டேன். 2021இல் கோமிட் குழுவினர் இதை உண்மையான பணத்தில் ஓடவிட்டார்கள்.

ஆனால் ஸ்வாப் என்பது கைமாற்று மட்டுமே. பிட்காயின் பிட்காயின் செயினிலேயே கிடக்கும், மாறுவது உடைமையாளர்தான். அது எதீரியத்துக்குள் வந்து கடனுக்கு ஈடாக நிற்க வேண்டுமானால் வேறு வித்தை வேண்டும். அந்த வித்தைதான் டிபிடிசி. 2020 மே மாதம் அதைத் தொடங்கிய சில நாட்களிலேயே, பிட்காயினைத் திருப்பித் தரும் இடத்தில் பிழை இருக்கிறது என்று புது வைப்புகளை நிறுத்தினார்கள். அங்கிருந்து அடுத்த வாரம். ஆசிரியர் இன்னொரு முறை பொறுத்துக்கொண்டால்.

(தொடரும்)