பள்ளிச் சூத்திரம் காட்டும் பாதாளம்

பிளஸ் ஒன் கணக்கில் எல்லோரும் மனப்பாடம் செய்த சூத்திரம் ஒன்று உண்டு. இரண்டு கோணங்களின் கொசைன்களைப் பெருக்கினால் என்ன வரும்? அந்தக் கோணங்களைக் கூட்டி ஒரு கொசைன், கழித்து ஒரு கொசைன், இரண்டையும் சேர்த்து அதில் பாதி. தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் இந்தச் சூத்திரம், யாரும் இறங்கிப் பார்க்க முடியாத ஆழத்தைப் படமாக்க உதவுகிறது.

சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். கணீரென்று ஒலிக்காவிட்டால் விரிசல் என்று காது சொல்லிவிடும். ஆனால் விரிசல் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு? விளைவிலிருந்து காரணத்தைத் தேடும் இத்தகைய கணக்கைத் தலைகீழ்க் கணக்கு எனலாம்.

மருத்துவமனை ஸ்கேன் கருவிக்கு இது ஓரளவு எளிது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டால், எதிரொலி திரும்பும் நேரமே ஆழத்தைச் சொல்லிவிடும். பூமிக்குள் அப்படியில்லை. கடல்நீரில் சுமார் 1,500 மீட்டராக இருக்கும் ஒலியின் வேகம், உப்புப் பாறையில் சுமார் 4,500 மீட்டராகிறது. வேகம் தெரியாமல் படம் வராது. அந்த வேகத்தைத்தான் தேடுகிறோம்.

பொத்தான் மாறிய சட்டை

1984-இல் புவி இயற்பியலாளர் ஆல்பர்ட் டரன்டோலா ஒரு வழி சொன்னார். பூமிக்குள் இருப்பதை முதலில் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தில் எதிரொலி எப்படி வரும் என்று கணக்கிட்டு, உண்மையான பதிவோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். இதில் ஒரு சிக்கல். அலை முகடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். ஊகம் அரை அலைவுக்கு மேல் பிசகினால், ஒரு முகடு பக்கத்து முகட்டோடு பொருந்திவிடும். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டதுபோல, எல்லாம் மாட்டியிருக்கும். எல்லாமே தப்பாக இருக்கும்.

எட்டும் இரண்டும்

லிலியானா போர்சியா, விளாடிமிர் ட்ருஸ்கின், அலெக்சாண்டர் மமோனோவ் முதலிய கணிதவியலாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். பூமிக்குள் பரவும் அலையைச் சம இடைவெளியில் புகைப்படம் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படமும் ஐந்தாவது படமும் எந்த அளவு ஒன்றோடொன்று பொருந்துகின்றன? படங்கள் நம் கையில் இல்லை. ஆனால் அலை காலத்தில் மாறும் விதத்தைக் கொசைனாக எழுத முடியும் என்பதால் பள்ளிச் சூத்திரம் கைகொடுக்கிறது. மேற்பரப்பில் எட்டாவது கணத்தில் பதிவானதையும் இரண்டாவது கணத்தில் பதிவானதையும் கூட்டிப் பாதியாக்கினால் விடை வந்துவிடும். ஒலியை அனுப்பும் இடத்திலேயே அதைப் பதிவுசெய்யவும் வேண்டும் என்பது நிபந்தனை.

இப்படி ஒவ்வொரு ஜோடிப் படத்துக்கும் ஓர் எண் போட்டால் அட்டவணை தயார். அதைக் காரணிகளாக உடைக்கும் வழி, பிரெஞ்சு ராணுவ அதிகாரியும் நில அளவையாளருமான ஆந்த்ரே-லூயி சோலெஸ்கி தந்தது. நில அளவைக் கணக்குக்காக அவர் கண்டுபிடித்தது அது. 1918-இல் முதல் உலகப் போரில் அவர் உயிரிழந்தார். முறை அச்சில் வந்தது 1924-இல். அது வரிசை மாறாமல், முந்தியதை முடித்த பிறகே அடுத்ததைத் தொடும். அலையும் அப்படித்தான், மேலடுக்கைக் கடந்த பிறகே கீழடுக்கை எட்டும். அதனால் இரண்டும் அழகாக ஒத்துப்போகின்றன.

முடிவில் கிடைப்பது ஒரு சிறிய எண்கட்டம். பதிவான எதிரொலிகளை அப்படியே திருப்பித் தரும் இதுதான் 'குறுக்கிய மாதிரி'. இனி எதிரொலியை எதிரொலியோடு ஒப்பிட வேண்டாம். ஊகத்தின் குறுக்கிய மாதிரியை உண்மைப் பதிவின் குறுக்கிய மாதிரியோடு ஒப்பிடலாம். பொத்தான் மாறும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. போர்சியா, மமோனோவ் ஆகியோருடன் ஜோசலின் கார்னியே, ஜோர்ன் சிம்மர்லிங் சேர்ந்து 2023-இல் 'ஜியோபிசிக்ஸ்' ஆய்விதழில் இதை விளக்கினார்கள். பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியான கமம்பெர்ட்டின் பெயர் கொண்ட சோதனை மாதிரி ஒன்று உண்டு: வட்டமான ஒரு பகுதிக்குள் மட்டும் அலை வேகம் மாறும். பழைய முறை தடுமாறும் அந்த வட்டத்தைப் புதிய முறை மீட்டெடுத்தது.

இவை கணினியில் உருவாக்கிய சோதனைகள். நிஜப் பதிவில் இரைச்சல் கலந்திருக்கும். அது மிஞ்சினால் அட்டவணையின் ஒழுங்கு கெட்டு, சோலெஸ்கியின் வழி பாதியில் நின்றுவிடும். முதலில் அட்டவணையைச் சீராக்கியாக வேண்டும்.

"இந்தச் சூத்திரம் எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தால், ஆசிரியர்கள் கரும்பலகையில் எட்டையும் இரண்டையும் எழுதிக் காட்டலாம். மூன்றாவது படமும் ஐந்தாவது படமும் அங்கேதான் இருக்கின்றன.