'செட்டில்டு'ன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லே, சார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து லோக்கல் ட்ரெயினில் தொங்கும்போதுதான் கலெக்‌ஷன் ஏஜென்ட் போன் வரும். "60 ஆயிரம் பாக்கி. 30 கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்." குரலில் தேன்! பாதி மிச்சம் என்று நம்மாளும் கட்டிவிடுவார்.

அங்கேதான் வில்லங்கம். சிபில் ரிப்போர்ட்டில் அந்தக் கடன் 'க்ளோஸ்டு' என்று வராது. 'செட்டில்டு' என்று பல வருஷம் உட்கார்ந்திருக்கும். பாக்கி முழுசாக வரவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு திருவள்ளூரில் மனை வாங்க லோன் கேட்டால், பாங்க் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார்.

முடிந்தால் முழுசாகக் கட்டி, 'பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்குங்கள். முடியாதா? பேரம் பாங்க்கின் கடிதத்தில் வராமல் பைசா கொடுக்காதீர்கள். ஏஜென்ட்டின் வாய்ச்சொல் காற்றோடு போச்சு.

முழுசாகக் கட்டியும் ரிப்போர்ட்டில் பாக்கி நிற்கிறதா? (வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகவே பார்க்கலாம்.) புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அப்புறம் தினம் 100 ரூபாய் நஷ்டஈடு. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் பாங்க் விதி இது. 'இன்னும் கொஞ்சம் லேட் பண்ணுங்க சாமி' என்று வேண்டிக்கொள்ளத் தோன்றும்!

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது என்று 2022-லேயே உத்தரவு. பகலில் தூங்கும் நைட் ஷிஃப்ட்காரர்களை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது!