மணிரத்னத்துக்கு 200 வருஷம் முன்பே திருமலை நாயக்கர் மகாலைப் 'படம் பிடித்த' இருவர்!

'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா ஆடிப்பாடும் அந்த பிரமாண்டத் தூண்கள் நினைவிருக்கிறதா? மதுரை திருமலை நாயக்கர் மகால்தான் அது. படம் வந்தது 1995ல். அதற்கு சுமார் 200 வருஷம் முன்பே, கேமராவே இல்லாத காலத்தில், இருவர் இதே மகாலைப் படமாக்கினார்கள்.

தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். இருவரும் இங்கிலாந்து ஓவியர்கள். 1786ல் கல்கத்தா வந்தவர்கள், 1792ல் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். கோட்டை, கோயில், அருவி என்று வரைந்துகொண்டே வந்தவர்களை மதுரையும் நிறுத்திவைத்தது.

துளை வழியே வந்த மகால்

இவர்கள் கையில் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற பெட்டி இருந்தது. எதிரே உள்ள கட்டடத்தின் பிம்பம் லென்ஸ் வழியாக உள்ளே விழும். அதன்மேல் பென்சிலால் கோடு இழுத்தால், தூணும் வளைவும் அளவு பிசகாமல் தாளில் வந்துவிடும்.

லண்டன் திரும்பியதும் அதைச் செப்புத் தகட்டுக்கு மாற்றினார்கள். தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் போடுவார்கள். அமிலம் அதிக நேரம் அரித்த இடம் அச்சில் கறுப்பாக வரும். குறைவாக அரித்த இடம் சாம்பலாக வரும். பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம். 1795 முதல் 1808 வரை இப்படி 144 படங்கள்! அவற்றில் ஒன்றின் தலைப்பே, 'மதுரை அரண்மனையின் இடிபாடுகள்'.

ஏன் இடிபாடு? 1636ல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலின் பகுதிகளைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்தெடுத்து, திருச்சிக்குக் கொண்டுபோனார் என்கிறது வரலாறு. இன்று நாம் பார்ப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் சொல்லியிருக்காவிட்டால், இதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

ஒரு படம் என்ன செய்யும்?

ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டைக்கும் இதே கதை. பிரெஞ்சுப் படையும் பிறகு இடியும் சிதைத்த கோட்டையிலிருந்து, ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் எடுத்துப் போனார்கள். 1810ல் அங்கே வரைய வந்தவர் சார்ல்ஸ் தெ க்ரேம்பெர்க். அவரும் பிரெஞ்சுக்காரர்தான்! கல் எடுப்பவர்களைத் தடுத்தார். கோட்டையின் படங்களை அச்சிட்டு வெளியிட்டார். வெறும் கல் குவியலாகத் தெரிந்தது, பார்க்கவேண்டிய இடமாக மாறியது. 1864ல் இறக்கும்வரை அவர் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

இந்தப் படங்களை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். அழகுக்காக ஒளியையும் ஆட்களையும் ஓவியர்கள் இடம் மாற்றுவதுண்டு. ஆனால் இடிந்தபிறகு 'இங்கே என்ன இருந்தது?' என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு தாளாவது இருக்கும்.

பேத்துப்பாறையோ பெரியகுளமோ, உங்கள் ஊரிலும் ஒரு பழைய சத்திரம், மண்டபம், ஓட்டு வீடு இருக்கும். அடுத்தமுறை செல்ஃபி எடுக்கும்போது, கட்டடம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். டேனியலுக்கு அதற்கு வருஷக்கணக்கில் ஆனது. நமக்கு ஒரே நிமிடம்!